வயதும் சர்க்கரை நோயும் மூளைக் கழிவு வெளியேற்றத்தைக் கெடுக்குமா? எது உறுதி, எது ஊகம்?

கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு எழுபதை நெருங்குகிறது. டைப் 2 சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுகிறார். இரவில் தூக்கமும் சரியில்லை.

உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். தூங்கும்போது மூளை தன் கழிவைத் தானே கழுவிக்கொள்ளும், சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வேலை நின்றுவிடும், மறதி வருவது அதனால்தான் என்று அதில் இருந்தது. கீழேயே "மூளை நச்சு நீக்கும்" பொடிக்கு விளம்பரம். பொடியை வாங்கப் போவதில்லை. ஆனால் மேலே சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டும். படித்தவர்கள் விளக்குங்கள்.

நுண்ணோக்கி

பாதி உண்மை, கயல். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் கழிவும் ஓயாமல் சேரும். உடலின் மற்ற உறுப்புகளில் அதை வடித்து எடுக்க நிணநீர்க் குழாய்கள் உண்டு. மூளைத் திசுவுக்குள் அவை இல்லை. அப்படியானால் கழிவு எந்த வழியாகப் போகிறது என்பது வெகுகாலம் தெளிவாகாமலே இருந்தது.

2012இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட், ஜெஃப்ரி இலிஃப் குழுவினர் எலிகளின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, உயிருள்ள மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாயம் கண்டபடி பரவவில்லை. தமனிகளின் வெளிச்சுவரை ஒட்டியே உள்ளே இறங்கியது, திசுவுக்குள் நுழைந்தது, பிறகு சிரைகளின் ஓரமாக வெளியேறியது. குழாய்களைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் தங்கள் பாதங்களைப் பதித்து ஓர் உறைபோல மூடியிருக்கின்றன. குழாய்க்கும் அந்த உறைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிதான் பாதை. பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற புரதம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், அதன் வழியாகத்தான் நீர் கடக்கிறது. அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளில் வெளியேற்றம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் கிளிம்ஃபாட்டிக் அமைப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருடமே அதே குழுவினர் தூங்கும் எலிகளைப் பார்த்தார்கள். செல்களுக்கு இடையில் உள்ள இடம் சுமார் 60 சதவீதம் அகன்றிருந்தது. அல்சைமர் மறதி நோயோடு தொடர்புள்ள அமிலாய்டு பீட்டா என்ற புரதம் விழித்திருக்கும்போது போவதைப் போல இரு மடங்கு வேகத்தில் வெளியேறியது. "தூக்கத்தில் கழுவிக்கொள்கிறது" என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான்.

உங்களுக்கு வந்த செய்தியில் "நின்றுவிடும்" என்பது தவறு. இதுவரை பார்த்ததெல்லாம் வேகம் குறைவதைத்தான்.

செவ்வானம்

சிரையின் ஓரமாக வெளியே வந்த திரவம் அப்புறம் எங்கே போகிறது? மண்டை ஓட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்குமா?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி. மூளைக்குள் நிணநீர்க் குழாய் இல்லையே தவிர, அதைப் போர்த்தியிருக்கும் உறையில் உண்டு. 2015இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும், ஹெல்சின்கியில் காரி அலிடாலோ குழுவும் எலிகளில் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். இத்தாலிய உடற்கூறியலாளர் பாவோலோ மஸ்காக்னி 1787லேயே இதை வரைந்து வைத்திருந்தார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாய்கள் கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன, அங்கிருந்து இரத்தத்தில் சேர்கின்றன.

வயதான எலிகளில் இந்த உறைக் குழாய்களும் மெலிந்துபோகின்றன. வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கொடுத்து அவற்றை அகலப்படுத்தியபோது வடிகால் மேம்பட்டது, கற்கும் திறனும் கூடியது. 2018இல் வந்த ஆய்வு. எலியில்தான், இன்னும் மனிதருக்கான சிகிச்சை ஆகவில்லை.

மருதன்

வயதைப் பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் காரணம் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

திரவத்தைத் தள்ளுவதற்கு மூளைக்குள் தனி பம்ப் கிடையாது. தமனி துடிக்கும்போது அதன் சுவர் விரிந்து சுருங்குகிறது. அந்த அசைவு சுற்றியுள்ள இடைவெளியில் இருக்கும் திரவத்தை முன்னே நகர்த்துகிறது. வயதாக ஆக தமனிச் சுவர் விறைத்துப்போகிறது, அசைவு குறைகிறது. 2014இல் ராச்செஸ்டர் குழு கிழட்டு எலிகளையும் இளம் எலிகளையும் ஒப்பிட்டபோது அமிலாய்டு வெளியேற்றம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அக்வாபோரினும் பாதங்களில் குவிந்திருக்காமல் செல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. புரதம் உடலில் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இப்போது சர்க்கரையைப் பாருங்கள். நீண்ட காலச் சர்க்கரை என்ன செய்கிறது? தமனியை விறைக்க வைக்கிறது. நுண்குழாய்களின் சுவரைத் தடிமனாக்குகிறது. குளுக்கோஸ் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கிளைகேற்றம் அடைந்த பொருள்கள் உருவாகின்றன, அவை அழற்சியைத் தூண்டுகின்றன. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடப்பதாக எல்லோரும் பேசுகிற அதே சேதம்தான் மூளையின் நுண்குழாய்களிலும் நடக்கிறது. கழிவு போகும் பாதை அந்தக் குழாய்களின் ஓரமாகத்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டால், சர்க்கரையும் வயதும் ஒரே இடத்தில் வந்து அடிக்கின்றன என்பது விளங்கும். இந்த இழையில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: மூளைக் கழிவின் கதை பெரும்பாலும் இரத்தக் குழாய்களின் கதை.

நேரடிச் சோதனையும் உண்டு. 2017இல் டெட்ராய்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவ அமைப்பின் ஆய்வாளர்கள், டைப் 2 சர்க்கரை உள்ள நடுவயது எலிகளின் தண்டுவடத் திரவத்தில் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் பொருளைச் செலுத்தி, மணிக்கணக்கில் படம் எடுத்தார்கள். ஆரோக்கியமான எலிகளில் அந்தப் பொருள் வந்தது, போய்விட்டது. சர்க்கரை எலிகளில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் அது வெகுநேரம் தங்கியே நின்றது. எவ்வளவு அதிகமாகத் தங்கியதோ அந்த அளவுக்கு நினைவுச் சோதனையிலும் அவை பின்தங்கின. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை சேதம் எதுவும் தெரியாத கட்டத்திலேயே இது நடந்திருந்தது.

செவ்வானம்

அப்படியானால் சர்க்கரை நோயாளிகளுக்கு அமிலாய்டு தேங்குவது வடிகால் கெட்டதால் மட்டும்தானா?

மருதன்

மட்டும் என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு இழைகள் பின்னியிருக்கின்றன.

இன்சுலின் தன் வேலையை முடித்ததும் அதை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. அதே நொதி அமிலாய்டு பீட்டாவையும் உடைக்கும். இரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாக இருந்தால் நொதி அதிலேயே மும்முரமாகிவிடும், அமிலாய்டுக்கு நேரம் ஒதுக்க முடியாது என்பது ஒரு கருத்து. ஆய்வகத்தில் இந்தப் போட்டி தெளிவாகத் தெரிகிறது. மனித மூளையில் அது எவ்வளவு முக்கியம் என்பதில்தான் விவாதம்.

இரண்டாவது, உற்பத்திப் பக்கம். 2015இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அமிலாய்டு சேரும்படி மாற்றப்பட்ட எலிகளின் இரத்தச் சர்க்கரையைச் செயற்கையாக ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் மூளையின் இடைத்திரவத்தில் அமிலாய்டு பீட்டா கூடியது. நரம்பு செல்கள் அதிகமாகத் தூண்டப்பட்டு அதிகமாக வெளியிட்டன என்பதே விளக்கம். ஆக, சர்க்கரை எகிறும்போது வரத்தும் கூடுகிறது, போக்கும் தடைபடுகிறது.

தர்க்கன்

இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் இதை முடிந்துபோன விஷயம் மாதிரி எழுதுகிறீர்கள், கவலையாக இருக்கிறது.

2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக் ஃபிராங்க்ஸ் குழுவினர் வேறொரு முறையில் எலிகளில் அளந்தார்கள். தூக்கத்திலும் மயக்க மருந்திலும் மூளையிலிருந்து சாயம் வெளியேறுவது கூடவில்லை, குறைந்தது என்று கண்டார்கள். இது ராச்செஸ்டர் முடிவுக்கு நேர் எதிர். திசுவுக்குள் ஓட்டம் உண்டா, வெறும் பரவல்தானா என்பதிலேயே இயற்பியல் அடிப்படையில் கேள்வி எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சவுத்தாம்ப்டனில் ரொக்சானா கராரே குழு, கழிவு தமனிச் சுவரின் உள்ளே, இரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் வெளியேறுகிறது என்று காட்டியிருக்கிறது.

மனிதர்கள் மீதான சர்க்கரை ஆய்வுகளில் அடிக்கடி ஏ.எல்.பி.எஸ். குறியீடு என்ற எம்.ஆர்.ஐ. அளவைப் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அது குறைவு என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அது நீர் மூலக்கூறு எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்பதை மூளையின் ஒரு சிறு பகுதியில் அளக்கிறது. நரம்பு இழைகள் நிறைந்த வெண்பொருளில் சேதம் இருந்தாலும் அந்த எண் மாறும். அதை "கழிவு வெளியேற்றம்" என்று தலைப்பு போடுவது நேர்மையில்லை.

நுண்ணோக்கி

தர்க்கன் சார், ஏ.எல்.பி.எஸ். பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அந்தக் குறியீட்டை மட்டும் வைத்து ஒருவருடைய மூளை வடிகால் இப்படி என்று சொல்ல முடியாது. யாராவது அதைப் பரிசோதனையாக விற்றால் காசு கொடுக்க வேண்டாம்.

இம்பீரியல் ஆய்வைப் பொறுத்தவரை, அவர்கள் சிறு மூலக்கூறு ஒன்றை மூளைத் திசுவுக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். ராச்செஸ்டர் தரப்பினர் அந்த ஊசியே திசுவைக் காயப்படுத்தி ஓட்டத்தைக் குலைக்கும் என்கிறார்கள். இம்பீரியல் தரப்பு அதை ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் கவனமாக வேலை செய்கிறவர்கள்தான், முடிவு இன்னும் வரவில்லை.

ஆனால் மனிதர்களிடம் கிடைத்த சில விஷயங்களை ஒதுக்கிவிட முடியாது. 2018இல் அமெரிக்காவில் 20 ஆரோக்கியமானவர்களை ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அமிலாய்டு அளவு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது, அதுவும் ஹிப்போகேம்பஸ், தலாமஸ் பகுதிகளில். 2021இல் ஆஸ்லோவில் பெர் கிறிஸ்டியன் ஐட குழு, தண்டுவடத் திரவத்தில் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் மாறுபொருள் செலுத்தப்பட்ட நோயாளிகளைப் பார்த்தது. ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில் அந்தப் பொருள் தங்கியது. அடுத்த இரவு தூங்கிய பிறகும் அந்தத் தாமதம் ஈடாகவில்லை. வழி எது என்பதில் சண்டை இருக்கலாம். தூக்கம் கெட்டால் தேங்குகிறது என்பதற்கு மனிதச் சான்று உண்டு.

தர்க்கன்

சரி, அந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறேன். வழியும் காரணமும் வேறு வேறு என்று பிரித்து எழுதினால் எனக்குச் சண்டை இல்லை. "மூன்றாம் வகை சர்க்கரை நோய்" என்று அல்சைமருக்குப் பெயர் வைப்பதையும் இங்கே யாரும் கொண்டுவரவில்லை, அதற்கும் நன்றி. சர்க்கரை இருந்தால் மறதி நோய்க்கான அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு என்று பல பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கூடுதலில் நிறையப் பங்கு இரத்தக் குழாய் அடைப்பால் வரும் மறதிக்கு.

பழைய செவிலி

நீங்கள் எல்லோரும் எலியைப் பார்க்கிறீர்கள், நான் கயலின் அம்மாவைப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவுப் பணியில் நிறையச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கயல், அம்மாவின் தூக்கம் எப்படிக் கெடுகிறது என்று ஓரிரு நாள் கவனியுங்கள். "தூக்கம் வரவில்லை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள், உள்ளே வேறு வேறு கதை இருக்கும்.

சர்க்கரை கூடினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு வெளியே தள்ளும். படுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுவார், திரும்பவும் எழுவார். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வரும், அந்த நேரத்தில்தான் அவர் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருப்பார். வயதானாலே ஆழ்ந்த தூக்கம் குறையும், மிச்சம் இருக்கிறதையும் இது பறித்துவிடும்.

இன்னொன்று குறட்டை. வெறும் சத்தத்தைப் பார்க்காதீர்கள். குறட்டை திடீரென்று நிற்கிறதா, நெஞ்சு அசைந்தும் மூச்சு வராமல் சில விநாடி போகிறதா, பிறகு மூச்சுத் திணறி, உடம்பைத் தூக்கிப்போட்டு மறுபடி இழுக்கிறாரா என்று பாருங்கள். உறக்க மூச்சுத்தடை டைப் 2 சர்க்கரை உள்ளவர்களிடம் மிகவும் சாதாரணம், பலருக்கு அது இருப்பதே தெரியாது. காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவது, இவையும் அடையாளம். அதற்குப் பரிசோதனை இருக்கிறது, மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி இருக்கிறது.

மூன்றாவது, இரவில் சர்க்கரை தாழ்வது. வியர்த்துக் கொட்டி, கெட்ட கனவு கண்டு விழித்தால் மறுபடி படுக்கச் சொல்லாதீர்கள், உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். குறிப்பாக இன்சுலினோ, கிளிபென்கிளாமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள். கடுமையான தாழ்சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூளையைக் காப்பாற்றுகிறேன் என்று சர்க்கரையை ஒரேயடியாக இறக்கப் பார்ப்பது வயதானவர்களுக்கு ஆபத்து.

கயல்விழி

அக்கா, குறட்டை உண்டு. நடுவில் நிற்பதை நானே கேட்டிருக்கிறேன், ஆழ்ந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரவில் எழுவதும் நிறைய. இதையெல்லாம் சர்க்கரை மருத்துவரிடம் நாங்கள் சொன்னதே இல்லை.

சர்க்கரையை ஒரேயடியாக இறக்கக் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் கட்டுக்குள் வைப்பதால் மூளைக்குப் பயனே இல்லையா?

மருதன்

பயன் உண்டு, ஆனால் கூடுதல் கடுமைக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அக்கார்ட் என்ற பெரிய பரிசோதனையில் ஒரு பிரிவினருக்கு எச்.பி.ஏ.1சி.யை, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவை, 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். 40 மாதம் கழித்து அவர்களின் மூளை அளவு சற்று நன்றாகக் காப்பாற்றப்பட்டிருந்தது, ஆனால் சிந்தனைத் திறனில் வேறுபாடு இல்லை. முழுப் பரிசோதனையில் அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் அந்தக் கடுமையான சிகிச்சையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் வயதானவர்களுக்கு இலக்கைத் தளர்த்தி வைக்கிறார்கள்.

இரத்த அழுத்தத்துக்கான சான்று இதைவிட வலுவானது. ஸ்பிரின்ட் பரிசோதனையில் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு வருவது 19 சதவீதம் குறைந்தது, 2019இல் முடிவு வந்தது. அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அழுத்தம் எகிறினால் தமனியை ஒட்டிய ஓட்டம் குறைவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். முதலில் சொன்ன குழாய்க் கதையோடு அது பொருந்துகிறது.

செவ்வானம்

அவசரமாக ஒன்று. பக்கவாட்டில் படுத்தால் மூளை நன்றாகக் கழுவப்படும் என்கிறார்களே?

நுண்ணோக்கி

2015இல் மயக்க நிலையில் இருந்த எலிகளில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஆய்வு அது. மனிதரிடம் நிரூபிக்கவில்லை. ஆனால் மூச்சுத்தடை உள்ளவர்கள் பலருக்கு மல்லாந்து படுத்தால் அது மோசமாகும், அந்தக் காரணத்துக்காகப் பக்கவாட்டில் படுப்பது நல்லது.

கயல்விழி

பக்கத்து வீட்டில் ஒருவர் தூக்க மாத்திரை கேட்டு வாங்கச் சொல்கிறார். தூங்கினால் போதும்தானே என்கிறார்.

பழைய செவிலி

வேண்டாம் கண்ணு, மூச்சுத்தடை இருக்கிறதா என்று தெரியாமல் தூக்க மாத்திரை கூடவே கூடாது. சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். நடு இரவில் எழுந்து நடக்கிறவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் அப்புறம் மூளையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

நுண்ணோக்கி

அக்கா சொன்னதோடு ஒரு தகவல். 2025இல் ராச்செஸ்டர், கோபன்ஹேகன் குழுவினர் எலிகளில் பார்த்தது: ஆழ்ந்த தூக்கத்தில் நோர்எபிநெஃப்ரின் என்ற மூளை வேதிப்பொருள் மெதுவாக ஏறி இறங்குகிறது, அதற்கேற்பக் குழாய்கள் சுருங்கி விரிகின்றன, அந்த அசைவுதான் திரவத்தை நகர்த்துகிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை கொடுத்தபோது எலி தூங்கியது, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மழுங்கியது, திரவ ஓட்டமும் குறைந்தது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான்.

பழைய செவிலி

கயல், ஒன்று விட்டுப்போயிற்று. அம்மா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறாரா? நீண்ட காலம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தாலே மறதி, தடுமாற்றம், காலில் மதமதப்பு எல்லாம் வரும். மதமதப்பைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். சாதாரண இரத்தப் பரிசோதனை போதும், குறைவு இருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். தைராய்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள், கேட்காததையே மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கயல்விழி

மெட்ஃபார்மின்தான், வருடக்கணக்காக. பி12 இதுவரை பார்த்த நினைவே இல்லை. கால் மதமதக்கிறது என்று அடிக்கடி சொல்வார். குறட்டை நிற்கும் இடத்தைக் கைபேசியில் பதிவு செய்து, இரவில் எழும் நேரங்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் பி12, தைராய்டு, காது. கையோடு தூக்கப் பரிசோதனைக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். முடிவுகள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.